சோளகத்துக்குக் குறுக்கே ஒரு மதில்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மேசனாகத் தொடங்கி, பிறகு வேலைகளை மேற்பார்வை பார்க்கிற ஆளாகி, முழங்கால் இரண்டும் இனி ஏலாது என்று சொன்ன பிறகு வீட்டில் இருக்கிறேன். காலையில் பூசைக்குப் போகிறேன், பின்னேரம் செபமாலை சொல்லுகிறேன். இடையில் உங்களைப் போன்ற பிள்ளைகள் வந்து கேள்வி கேட்கிறார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஐயா, கூரையிலை எத்தினை சோலர் தகடு போட்டால் கணக்கு சைபருக்கு வரும்?"

எனக்கு எரிச்சல் வருகிறது. ஆண்டவர் மன்னிக்கவேண்டும், உண்மையாகவே வருகிறது. ஒரு கட்டடத்தைக் கட்டும்போது எரிகிற கரி, நீங்கள் காபன் என்கிறது, பிறகு அதற்குள் ஆட்கள் சீவிக்கும்போது எரிகிற கரி, இரண்டையும் முடிந்தமட்டும் குறைத்து, மிச்சத்தை வெய்யிலால் ஈடுசெய்து, கடைசியில் சைபரில் கொண்டுவந்து நிற்பாட்டவேண்டும். இதைத்தானே நீங்கள் படித்துவிட்டு வருகிறீர்கள்? குறைக்கிறது முதல், ஈடுசெய்கிறது பிறகு. நீங்களோ எடுத்த எடுப்பில் கூரையில் ஏறி நின்றுகொண்டு கீழே இறங்கமாட்டேன் என்கிறீர்கள்.

வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுன்னாகத்தில் ஒருவர், சுண்ணாம்புக்கல்லால் மொத்தச் சுவர் வைத்துக் கட்டின நல்ல வீட்டை இடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் போவதற்கு முதலே கல்லெல்லாம் லொறியில் ஏறிப் போய்விட்டது. வெறுங்காணியில் நின்றுகொண்டு, "சூசை அண்ணை, எனக்கு அந்தச் சைபர் வீடு ஒண்டு கட்டித் தரவேணும்" என்றார். "போன கிழமை வரைக்கும் உங்களிட்டை ஒண்டு இருந்ததே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு விளங்கவில்லை. வேறு ஆளைப் பிடித்துக் கட்டினார்.

சரி. மற்றவர்களுடைய மடைத்தனத்தை எழுதிக்கொண்டிருக்க எனக்கு வாய் இல்லை. அதைவிடப் பெரிய மடைத்தனத்தை நான் கொக்குவிலில் செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பேனாவை எடுத்தேன்.

அந்த வீடு வதனி என்ற பிள்ளைக்காகக் கட்டினது. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சண்டைக் காலத்தில் செல் விழுந்து வெடித்த துண்டு முதுகெலும்பில் பட்டு, நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை. கை இரண்டும் நன்றாக வேலை செய்யும். கையால் சுற்றுகிற மெசினில் சட்டை தைத்துக் கொடுத்துச் சீவித்தாள். தாய் தகப்பன் இல்லை. தூரத்து உறவான தவமக்கா கூட இருந்து சமைத்து, பார்த்துக்கொண்டார். கூடப் பிறந்த அண்ணன் ஒருவர் கனடாவில். வீட்டைக் கட்டுவித்தவர் அவர்தான்.

வதனியின் உடம்பைப் பற்றி ஒன்றை நீங்கள் அறியவேண்டும். உணர்வில்லாத இடத்தில் வேர்க்காது. வேர்க்காத உடம்பில் ஏறின வெக்கை இறங்க வழியில்லை. அறை சூடானால் அவளுடைய உடம்பும் அதோடு சேர்ந்து சூடாகிக்கொண்டே போகும், மயக்கம் வரும், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டொக்ரர் சொல்லியிருந்தார். எழுப்பி இருத்தினாலும் தலைசுற்றும். அந்த நேரம் படுக்கத்தான் வேண்டும்.

வீட்டுக்குப் படம் கீறினது தர்சிகா. கட்டடக்கலை படித்து முடித்து, தன் பெயரில் எடுத்த முதல் வேலை. கரி வெளியேற்றம் சைபருக்கு வருகிற வீடாகக் கட்டி, ஒரு வருசம் மீற்றரைப் பார்த்து அறிக்கை எழுதவேண்டும் என்று நின்றாள். எங்கள் ஆட்கள் அதற்குச் 'சைபர் வீடு' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் நாள் அவள் என்னிடம் சொன்னது இது: "அண்ணை, ஏசியை நம்பி இந்தப் பிள்ளையைப் படுக்க வைக்கேலாது. கரண்ட் நிக்கிற ஊர் இது. கரண்ட் இல்லாத நேரமும் அந்த அறை குளிரவேணும்." கரியைக் குறைக்கிற வழியும் வதனி உயிரோடு இருக்கிற வழியும் அந்த வீட்டில் ஒன்றாகவே இருந்தன.

காணியில் இருந்த பழைய வீட்டின் கல்லையும் கூரை ஓடுகளையும் எடுத்துத் திரும்பப் பாவித்தோம். சீமெந்தைப் பார்த்துப் பார்த்துக் குழைத்தோம். தாழ்வாரத்தை நீட்டி இறக்கினோம். எல்லாவற்றையும்விட முக்கியம் காற்று. வைகாசி தொடங்கினால் தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். ரோட்டு இருந்ததும் அந்தப் பக்கம்தான். வதனியின் கட்டில் உயரத்துக்கு அகலமான யன்னல் வைத்து, எதிர்ச் சுவரில் கூரையோடு ஒட்டிக் காற்று வெளியே போக வாய் வைத்தாள் தர்சிகா. ரோட்டுப் பக்கம் இடுப்பளவு மதில், அதற்கு மேல் கம்பி வலை. அவ்வளவுதான்.

புதுவீடு குடிபூரலுக்கு அண்ணன் வந்தார். சித்திரை மாதம். சோளகம் இன்னும் தொடங்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், தலையாட்டினார். கேற்றடிக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது.

"சூசை அண்ணை, இதென்ன கோழிக்கூடு மாதிரி? ரோட்டாலை போறவன் எல்லாம் கட்டிலைப் பாத்துக்கொண்டு போறான்."

"காத்துக்கு விட்டது தம்பி. தர்சிகாப் பிள்ளையின்ரை படம் அப்பிடி."

"காத்துக்கு ஒரு ஏசியைப் பூட்டினால் போச்சு. உங்கடை வீட்டிலை பொம்பிளைப் பிள்ளையளை இப்பிடி நடு ரோட்டிலை வைச்சிருப்பியளோ?"

அந்தக் கேள்வி என்னில் பட்டது. எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். என் வீட்டு மதில் தலைக்கு மேலே. எங்கள் ஊரில் மதில் எழும்பினால்தான் வீடு முடிந்தது என்று அர்த்தம். வசதி வரவர மதிலும் வளரும். தனிய இருக்கிற பெண்பிள்ளைக்கு மறைப்பு வேண்டும் என்று எனக்கும் பட்டது. தர்சிகா அப்போது இரண்டு கிழமைப் பயிற்சி ஒன்றுக்குக் கொழும்புக்குப் போயிருந்தாள். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்தால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். அதனால் எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் கோயிலுக்குப் போய், அந்தப் பிள்ளைக்குக் காவலாக இரும் தாயே என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்துதான் அத்திவாரம் வெட்டினேன். பிழை செய்கிறேன் என்ற எண்ணம் கடுகளவும் இல்லை. நீங்கள் பயப்படவேண்டியது அந்த மாதிரி நாட்களுக்குத்தான். சந்தேகம் இருந்தால் மனிதன் யாரையாவது கேட்பான்.

ஏழடி மதில். கொங்கிறீற் தூண், கம்பி, புளொக் கல், இரண்டு பக்கமும் பூச்சு. வதனி யன்னலால் பார்த்துக்கொண்டு இருந்தாள். நாலாவது கல் வரி வைக்கும்போது கேட்டாள், "இன்னும் எத்தினை வரி வரும், சூசை அண்ணை?"

"நல்ல உயரமா வரும் தங்கச்சி. நீங்கள் யோசியாதேங்கோ."

அவள் மெசினுக்குத் திரும்பித் தைக்கத் தொடங்கினாள். அவளுக்கும் சந்தோசம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தர்சிகா கொழும்பிலிருந்து நேரே வேலைத்தலத்துக்கு வந்தாள். மதிலுக்கு முன்னால் நின்றாள். அண்ணன் அதற்குள் கனடா போய்விட்டார். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்துப் பதிலெல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

"அண்ணை, நீங்கள் கொழும்புத்துறைக் கடற்கரை ஆள்தானே?"

"ஓம் பிள்ளை."

"உங்கடை அப்பா கடலுக்குப் போனவரோ?"

"ஓம்."

"அப்ப எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ, சோளகம் எந்தப் பக்கத்தாலை வாறது?"

 கடல் எனக்கு ஒத்துவராமல், வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுக்கிறவன் என்றுதான் மேசன் வேலைக்கு வந்தேன். ஆனாலும் எந்தக் காற்று எந்தப் பக்கம் என்று எனக்குத் தோலே சொல்லும். அது தெரிந்த கையாலேயே அதற்குக் குறுக்கே ஏழடி எழுப்பி, பூச்சும் பூசியிருக்கிறேன்.

அன்றைக்கே இடித்திருக்கவேண்டும். இடிக்கவில்லை. "அண்ணனைக் கேட்டுத்தான் பிள்ளை" என்றேன். அண்ணனைக் கேட்டால், "வாற வருசம் வந்து பாத்துக் கதைப்பம்" என்றார். தர்சிகா தானும் எழுதிப் பார்த்தாள். "படம் கீறிறது உம்மடை வேலை, மதில் எங்கடை குடும்ப விசயம்" என்று பதில் வந்தது. நான் இரண்டு பேருக்கும் நடுவில் நல்ல மனிசனாக நின்றேன். தொழிலில் அதைப்போல வசதியான இடமும் இல்லை, அதைப்போலக் கேவலமான இடமும் இல்லை.

வைகாசி பிறந்தது. சோளகம் மதிலில் முட்டி மேலால் போனது. அறைக்குள் அசைவில்லை. அண்ணன் ஏசி பூட்டச் சொன்னார், பூட்டினோம். அது பகல் முழுக்க ஓடியது. கூரைச் சோலர் தகடுகளிலிருந்து வருகிற கரண்ட் போதாமல் வெளியிலிருந்து எடுக்கத் தொடங்கினோம். தர்சிகா கிழமைக்குக் கிழமை வந்து மீற்றரைக் குறித்துக்கொண்டு என்னோடு கதைக்காமல் போனாள். சைபர் வீடு கொக்குவிலில் உள்ள எல்லா வீட்டையும் போல ஒன்றாகிவிட்டது.

ஆனி மாதம் ஒரு நாள், மத்தியானத்துக்குக் கொஞ்சம் பிந்தி, தவமக்கா போன் எடுத்தார்.

"சூசை, கரண்ட் நிண்டு ரண்டு மணித்தியாலம். இவள் கதைக்கிற கதை ஒரு மாதிரிக் கிடக்கு. உடம்பு நெருப்பு."

"அம்புலன்சுக்கு அடிச்சனீங்களோ?"

"அடிச்சாச்சு. வேறை இடத்திலை நிக்குதாம், சுணங்குமாம்."

மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அருள்நிறை மந்திரம் சொன்னேன், ஒன்றும் முழுதாக முடியவில்லை. போய்ப் பார்த்தால் வதனியின் முகம் சிவந்து, கண் பாதி மூடிக் கிடந்தாள். தவமக்கா கிணற்றுத் தண்ணீரில் சீலையை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட சீலை கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டோடு சூடாகிவிட்டது.

"மேலை இவ்வளவு தகடு வைச்சிருக்கிறியள், வெய்யில் கொளுத்துது. ஒரு காத்தாடி சுத்தாதோ?" என்றார் தவமக்கா.

"சுத்தாது அக்கா. ரோட்டு லைன் செத்தால் எங்கடை சோலர்ப் பெட்டியும் தானா நிண்டுபோகும். கம்பத்திலை ஏறி வேலை செய்யிறவனுக்குக் கரண்ட் அடிக்கக்கூடாதெண்டு அப்பிடி வைச்சிருக்கு."

"அப்ப உது என்னத்துக்கு?"

 கட்டிலோடு வெளியே கொண்டுபோகலாமா என்று யன்னலால் பார்த்தேன். வீட்டுக்கும் மதிலுக்கும் இடையில் வெய்யில் தேங்கிக் கிடந்தது. அந்த இடம் அறையைவிட மோசம். அப்போதுதான் தலையை நிமிர்த்தினேன். மதிலுக்கு மேலே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற தென்னைகள் பேய் பிடித்தது போல ஆடின. ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டுக் கிடந்தன. கீழே, என் மூக்குக்கு முன்னால் இருந்த யன்னல் சீலை ஆணி அடித்தது போலத் தொங்கியது.

நனைந்த சீலைக்குக் காற்றுத்தான் வேண்டும். காற்று இருபதடி தூரத்தில் நின்றது.

இருந்தும் கனடாவுக்குப் போன் எடுத்தேன் பாருங்கோ. அதை நினைத்தால் இப்போதும் என் காதில் நானே அறையவேண்டும் போல இருக்கிறது. அண்ணன் நித்திரைக் குரலில் எடுத்தார். விசயத்தைச் சொல்லி, யன்னலுக்கு நேரே மதிலை உடைக்கட்டோ என்று கேட்டேன்.

"மதிலை உடைச்சு என்ன வரப்போகுது? அம்புலன்ஸ் வரும்தானே. கொஞ்சம் பொறுங்கோ, நான் உங்கை ஒரு டொக்ரரோடை கதைச்சிட்டுச் சொல்லுறன்."

வதனி கண்ணைத் திறந்தாள். நாக்குத் தடக்கியது, ஆனால் சொன்னது தெளிவு.

"போனை வையுங்கோ சூசை அண்ணை."

போன் என் காதிலேயே இருந்தது.

"மதில் வேணுமோ எண்டு என்னை ஆர் கேட்டது? அண்ணை கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை. உடையுங்கோ."

போனை வைத்தேன்.

மதில் கட்டி முடித்தபோது கல் பெயர்க்கிற என் அலவாங்கையும் சம்மட்டியையும் கிணற்றடிக் கொட்டிலில் விட்டிருந்தேன். எடுத்து வந்து யன்னலுக்கு நேரே மேல் வரியில் தொடங்கினேன். தவமக்கா ரோட்டில் நின்று சைக்கிள்காரரை மறித்தார். பிள்ளைகளே, நான் நல்ல மேசன். அன்றைக்குத்தான் அதற்காகக் கவலைப்பட்டேன். சாந்து கல்லைப் பிடித்த பிடி விடவில்லை. மறித்து நிறுத்தின இரண்டு பேர் சைக்கிளைச் சாத்திவிட்டு, ஒன்றும் கேட்காமல் வந்து கை கொடுத்தார்கள். ஒருத்தன் மட்டும் கல்லை இழுத்துக்கொண்டே, "இதைக் கட்டின மடையன் ஆர் அண்ணை, இவ்வளவு சீமெந்தைப் போட்டிருக்கிறான்" என்றான். "கதையாமல் இழு தம்பி" என்றேன்.

மூன்று வரி விழுந்தது. நாலாவது வரி விழும்போது காற்று என் முகத்தில் அடித்து, சட்டை முதுகுப் பக்கமாகப் பறந்தது. உள்ளே தவமக்காவின் குரல் கேட்டது: "வருது, சூசை, வருது."

ஓடிப்போய்ப் பார்த்தேன். யன்னல் சீலை கட்டிலுக்கு மேலே எழும்பி நின்றது. நனைத்துப் போட்ட துணியின் ஓரங்கள் அடித்துக்கொண்டன. தவமக்கா திரும்பத் திரும்ப நனைத்தார், நான் வாளியில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். அம்புலன்ஸ் வந்தபோது வதனி தண்ணீர் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்தார்கள். நேரத்துக்கு உடம்பைக் குளிரப் பண்ணினதுதான் காப்பாற்றியது என்று டொக்ரர் சொன்னார். மாதா காப்பாற்றினார் என்று நான் சொல்லுகிறேன். அவவும் நான் அலவாங்கை எடுக்கும் வரைக்கும் பொறுத்துக்கொண்டு நின்றிருக்கிறா.

மதிலை உடைத்த அன்று பின்னேரமே தர்சிகா வந்தாள். உடைந்த மதிலுக்குப் பக்கத்தில் நான் குந்தியிருந்தேன். மிச்சத்தையும் உடைத்து, கல்லை லொறியில் ஏற்றி அனுப்பிவிடுகிறேன் என்றேன். அப்படியாவது அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன்.

"ஒரு கல்லும் வெளியிலை போகக்கூடாது" என்றாள். "அதுக்கு எரிச்ச கரி எரிச்சதுதான். அதையும் வீட்டுக் கணக்கிலை நான் எழுதத்தான் வேணும். அண்ணை, இந்த மதிலாலை நீங்கள் எனக்கு எத்தினை வருசத்தைக் கூட்டினனீங்கள் தெரியுமோ? கூரை இனி அவ்வளவு காலம் உழைச்சு இதை ஈடுகட்ட வேணும்."

"தெரியாது பிள்ளை."

"கணக்குப் பாத்துச் சொல்லுறன். ஆனால் முதலிலை வதனி அக்காவைக் கேக்கவேணும், அவவுக்கு அந்த இடத்திலை என்ன வேணுமெண்டு."

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போய்க் கேட்டோம். அந்த வீடு கட்டத் தொடங்கி ஒன்றரை வருசம். அப்போதுதான் முதல்தரம் அவளைக் கேட்கிறோம், நானும் சரி, தர்சிகாவும் சரி. அதைத் தர்சிகாவே பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டாள். வதனிக்குப் பதில் தயாராக இருந்தது. கட்டிலில் படுத்தால் ரோட்டாலை போகிறவருக்குத் தன்னைத் தெரியக்கூடாது, மெசினில் இருந்தால் தனக்கு ரோட்டுத் தெரியவேண்டும். தைக்கக் கொடுத்த பெண்டுகள் போகும்போது கூப்பிட்டு அளவு கேட்கிறவளாம். மதில் வந்த பிறகு பாதிப் பேர் வருகிறதில்லையாம்.

"இவ்வளவுதான். கனக்கக் கேட்டுப்போட்டனோ?" என்றாள்.

அதே புளொக் கல்லைத்தான் திரும்ப வைத்தேன். இந்தமுறை படுக்க வைத்தேன், கல்லின் ஓட்டைகள் ரோட்டையும் யன்னலையும் பார்க்கிற மாதிரி. வைக்கிற ஒவ்வொரு வரிக்கும் தர்சிகா உள்ளே போய்க் கட்டிலில் படுத்துப் பார்த்தாள், பிறகு மெசின் கதிரையில் இருந்து பார்த்தாள். நாலரை அடியில் போதும் என்றாள். சோளகம் அந்த ஓட்டைகளுக்குள்ளாலும் வந்தது, மேலாலும் வந்தது. ஏசியைக் கழற்றவில்லை. வதனியும் அதைப் போடவில்லை. தர்சிகா திரும்பவும் முதலில் இருந்து ஒரு வருசம் மீற்றரைப் பார்த்தாள். எடுத்ததைவிடக் கூரை கொடுத்தது கொஞ்சம் கூடுதல். ஆனால் அந்த மதிலின் சீமெந்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வீடு இன்னும் சைபருக்கு வரவில்லை. அறிக்கையில் அதை மறைக்காமல் எழுதினாள். என்ன காரணம் என்ற இடத்தில் என் பெயரைப் போடாமல் விட்டது அவளுடைய பெரிய மனசு.

அடுத்த வருசம் ஆவணியில் அண்ணன் வந்தார். நானும் அன்றைக்கு ஒரு ஓடு மாற்ற அங்கே போயிருந்தேன். உச்சி வெய்யில். வதனியின் அறையில் கதிரையைப் போட்டு இருந்தார். ஏசியை ஏன் போடவில்லை என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிட்டது. சட்டை படபடக்க, வாயைத் திறந்துகொண்டு ஒரு மணித்தியாலம் நித்திரை. எழும்பி வெளியே வந்து மதிலைத் தடவிப் பார்த்தார்.

"சூசை அண்ணை, நல்லாத்தான் இருக்கு. பிழை சொல்லேல்லை. உந்த ஓட்டையளை மட்டும் பூசி அடைச்சு விட்டால் பாக்க ஒரு மதில் மாதிரி இருக்கும், என்ன?"

நான் திரும்பி யன்னலைப் பார்த்தேன். வதனி மெசினை நிற்பாட்டவில்லை.

"பூசுங்கோ அண்ணை," என்றாள் அண்ணனிடம். "பூசிப்போட்டு நீங்கள் வந்து இந்தக் கட்டிலிலை படுங்கோ. நான் கனடாவுக்குப் போறன்."

அண்ணன் சிரித்தார். தவமக்கா குசினிக்குள் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பூச்சுப் பூசுகிற என் சாந்தகப்பையை எடுத்துக் கழுவி, மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.